சோடியத்துக்குள் என்ஏ எங்கே இருக்கிறது?

போன வாரம் ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு அக்கா மகள் போன் செய்தாள். மறுநாள் வேதியியல் தேர்வாம். சாப்பிட்டாச்சா, எப்படி இருக்கீங்க என்கிற விசாரிப்பெல்லாம் கிடையாது, எடுத்த எடுப்பில் கேள்விதான். “மாமா, சோடியத்தோட குறியீடு என்ஏ-ங்கறாங்க, அந்தப் பேருல என்ஏ எங்க மாமா இருக்கு? எஸ்ஓ-ன்னுதானே வரணும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வயதில் நான் அதைக் கேட்கவில்லை, நேராக எழுதியே விட்டேன். சோடியத்துக்கு எஸ்ஓ, பொட்டாசியத்துக்குப் பிஓ, இரும்புக்கு ஐஆர். விடைத்தாள் திரும்பி வந்தபோது மூன்றின் மேலும் சிவப்புக் கோடு. ஐஆர் என்பது இரிடியம், பிஓ என்பது பொலோனியம் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அதாவது வெறுமனே தப்பாக எழுதவில்லை, இரும்பைக் கேட்டால் இரிடியத்தைக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குக் கிடைத்த விளக்கம் ஒரே வரி: “அதெல்லாம் லத்தீன், மனப்பாடம் பண்ணிக்கோ.” பண்ணிக்கொண்டேன். மனப்பாடம் செய்த எதையும் நாம் அப்புறம் கேள்வி கேட்பதில்லை, அதுதான் வம்பு. நான் இதைத் தேடிப் படித்தது பள்ளிக்கூடம் முடிந்து பல வருஷம் கழித்துத்தான்.

(குறியீடுகளை வகுப்பில் வாய்விட்டு எழுத்து எழுத்தாகச் சொல்வோமே, அப்படியே இங்கே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நம்மில் பெரும்பாலானவர்கள் மனதில் ஓடுவது இதுதான்: தனிமத்தின் குறியீடு என்பது அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம், அதில் சில மட்டும் ஏதோ காரணத்தால் தடம் மாறிப் போயிருக்கின்றன. இப்போது இருக்கும் 118 தனிமங்களில் ஆங்கிலப் பெயரோடு ஒட்டாதவை 11 தான். சோடியம், பொட்டாசியம், இரும்பு, செம்பு, வெள்ளி, வெள்ளீயம், ஆன்டிமனி, டங்ஸ்டன், தங்கம், பாதரசம், காரீயம். மற்ற 107-ம் ஒழுங்காக இருப்பதால் இந்த 11-ஐ விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு ஜெர்மன் பையனிடம் இதே கேள்வியைக் கொண்டுபோனால் அவனுக்குச் சோடியத்தில் குழப்பமே இல்லை, அவன் மொழியில் அதன் பெயரே நாட்ரியம். பொட்டாசியம் அவனுக்குக் காலியம், டங்ஸ்டன் அவனுக்கு வோல்ஃப்ராம். அவன் முழிப்பது வேறு இடத்தில்: ஹைட்ரஜன் அவனுக்கு வாசர்ஸ்டாஃப், ஆக்சிஜன் சவர்ஸ்டாஃப், கார்பன் கோலன்ஸ்டாஃப், இவற்றுக்கு எச், ஓ, சி எங்கிருந்து வந்தன என்று அவன் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் ஒட்டாத பட்டியல் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்துக்கு இருப்பது இந்த 11, அவ்வளவுதான்.

ரஷ்ய வகுப்பறைகளில் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். இரும்பின் குறியீட்டைப் பார்த்ததும் எழுத்து எழுத்தாக வாசிக்காமல் “ஃபெர்ரும்” என்றே வாசிக்கிறார்கள். தங்கம் “அவ்ரும்”, செம்பு “கூப்ரும்”. பேச்சில் இரும்புக்கு அவர்கள் மொழியில் வேறு சொல் இருக்கிறது, சமன்பாட்டை வாசிக்கும்போது மட்டும் லத்தீன். கேட்டுக் கேட்டே பழகிவிடுகிறது, தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நாமும் இப்படிச் செய்திருக்கலாம் என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

சரி, என்ஏ-வுக்கு வருவோம்.

1807 அக்டோபர், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன். ஹம்ப்ரி டேவி என்ற வேதியியலாளர் தன்னிடம் இருந்த பெரிய மின்கல அடுக்கை வைத்துக்கொண்டு பொட்டாஷை உருக்கி அதில் மின்சாரம் செலுத்துகிறார். பொட்டாஷ் என்பது மரம் செடி கொடிகளை எரித்த சாம்பலை நீரில் கரைத்து, வடித்து, பானையில் காய்ச்சி எடுக்கும் காரம். பானைச் சாம்பல் என்பதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் நேர்ப் பொருளே. அதுவரை அதை உடைக்க முடியாத பொருள் என்றே நினைத்திருந்தார்கள். டேவியின் உருகலில் பாதரசத் துளி போலச் சின்னச் சின்ன உருண்டைகள் பளபளவென்று தோன்றி, சில அப்படியே வெடித்துத் தீப்பிடித்தன. உதவியாளராக இருந்த அவருடைய உறவினர் எட்மண்ட் டேவி, ஹம்ப்ரி சந்தோஷத்தில் அறை முழுக்கக் குதித்து ஆடினார் என்று பதிவு செய்திருக்கிறார். சில நாட்களிலேயே சோடா என்ற இன்னொரு காரத்திலும் அதே வேலையைச் செய்து இன்னொரு உலோகத்தைப் பிடித்தார். பொட்டாஷிலிருந்து வந்ததற்குப் பொட்டாசியம், சோடாவிலிருந்து வந்ததற்குச் சோடியம் என்று பெயர் வைத்தார். இங்கே தப்பு எதுவும் இல்லை, கண்டுபிடித்தவர் தன் மொழியில் பெயர் வைத்தார்.

ஆனால் ஜெர்மானியர்களுக்குப் பானைச் சாம்பல் பிடிக்கவில்லை. 1809-ல் கில்பர்ட் என்ற இயற்பியலாளர், இந்தக் காரங்களுக்கு ஏற்கனவே இருந்த பழைய பெயர்களிலிருந்தே உலோகங்களின் பெயரையும் எடுக்கலாம் என்றார். செடிச் சாம்பலுக்கு அரபியில் இருந்த சொல் ‘அல்-கலி’. ஆல்கலி என்று நாம் சொல்வதும் அதிலிருந்து வந்ததுதான். அதை வைத்துக் காலியம். இன்னொன்றுக்கு நேட்ரான், எகிப்தில் ஏரி வற்றிய படுகைகளில் கிடைக்கும் உப்பு, இறந்த உடல்களைப் பதப்படுத்த அவர்கள் பயன்படுத்தியது. அதுதான் கடைசியில் நாட்ரியம் ஆனது. ஆகவே என்ஏ-வைத் துருவிக்கொண்டே போனால் லத்தீனைத் தாண்டி எகிப்து வரைக்கும் போகும். “அதெல்லாம் லத்தீன்” என்பது பாதி உண்மைதான்.

ஒரு இடைச்செருகல். பொட்டாசியத்தின் ஜெர்மன் பெயரைத் தமிழில் எழுதினாலும் காலியம், ஜிஏ என்று குறிக்கப்படும் இன்னொரு தனிமத்தை எழுதினாலும் காலியம். ககரம் ஒன்றுதானே நமக்கு. எழுத்தைப் பார்த்துத் தமிழன் ஒருவன் இவற்றைப் பிரித்தறிய முடியாது, இதற்காகவாவது அந்த ரோமன் குறியீடு இருந்து தொலையட்டும் என்று தோன்றும்.

இந்தக் குறியீட்டு முறை எங்கிருந்து வந்தது என்று பார்க்க இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ரசவாதிகள் ஏழு உலோகங்களையும் வானத்தின் ஏழு கிரகங்களையும் ஜோடி சேர்த்து வைத்திருந்தார்கள். தங்கத்துக்குச் சூரியன், வெள்ளிக்குச் சந்திரன், செம்புக்குச் சுக்கிரன், இரும்புக்குச் செவ்வாய், வெள்ளீயத்துக்கு வியாழன், காரீயத்துக்குச் சனி, பாதரசத்துக்குப் புதன். கிரகத்தை வரையும் படமே உலோகத்துக்கும் குறி. தங்கம் என்றால் ஒரு வட்டம், நடுவில் புள்ளி. நமக்கு இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் வெள்ளியை நிலாவுக்குக் கொடுத்தார்கள், நாம் சுக்கிரனையே வெள்ளி என்கிறோம். ஆங்கிலத்தில் பாதரசத்துக்கு இன்றும் புதன் கிரகத்தின் பெயர்தான். அந்த ஏழில் கிரகப் பெயரோடு நின்றுவிட்டது அது ஒன்றே. உப்பு, அமிலம், சாராயம், மற்ற பொருட்கள் என்று ஆளுக்கு ஆள் வேறு வேறு படம் போட்டதால் ஒருவருடைய நோட்டை இன்னொருவர் படிப்பதே பெரிய பாடு. அடுத்தவனுக்குப் புரியக் கூடாது என்பதும் அதில் ஒரு நோக்கம்.

அப்புறம் ஜான் டால்டன். அணுக்கொள்கைக்காக நாம் பாடத்தில் படிக்கும் அதே டால்டன்தான். 1808-ல் வந்த அவருடைய நூலில் ஒரு பக்கம் முழுக்க வட்டங்கள். அந்தப் பக்கத்தின் படத்தை நீங்களும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். 20 தனிமங்கள், 20 வட்டங்கள். ஆக்சிஜன் என்றால் வெறும் வட்டம். ஹைட்ரஜன் என்றால் நடுவில் ஒரு புள்ளி. கார்பன் என்றால் உள்ளே முழுக்கக் கறுப்பு. நைட்ரஜனுக்கு, அப்போது அசோட், வட்டத்துக்குள் செங்குத்தாக ஒரு கோடு. உலோகங்களில் பலவற்றுக்குப் படம் யோசித்து அலுத்துவிட்டதோ என்னவோ, வட்டத்துக்குள் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டார்: இரும்புக்கு ஐ, செம்புக்குச் சி, ஈயத்துக்கு எல், தங்கத்துக்கு ஜி. இவர் முறை ஜெயித்திருந்தால் நானும் அக்கா மகளும் தப்பித்திருப்போம். உண்மையிலேயே ஆங்கிலச் சுருக்கமாக இருந்தது இந்த முறைதான்.

இதில் ஒரு பெரிய நல்ல விஷயம் இருந்தது. டால்டனின் ஒரு வட்டம் என்றால் ஒரு அணு. சேர்மத்தை எழுத வட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடுவார். தண்ணீருக்கு ஒரு புள்ளி வட்டம், ஒரு வெறும் வட்டம், இரண்டும் தொட்டுக்கொண்டு நிற்கும் (ஒரு ஹைட்ரஜன்தான் என்று அவர் நினைத்திருந்தார்). பார்த்ததும் எத்தனை அணு என்று எண்ணிவிடலாம். ஆனால் ஏழெட்டு அணுவுக்கு மேல் போனால் பக்கத்தில் கோலி உருண்டையைக் கொட்டியது போல ஆகிவிடும், அச்சகத்தில் ஒவ்வொரு வட்டத்துக்கும் தனியாக அச்சு வெட்ட வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஸ்வீடன்காரர் பெர்சீலியஸ் வருகிறார். யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ். செலினியம், தோரியம் ஆகியவற்றைக் கண்டுபிடித்தவர், ஆயிரக்கணக்கான சேர்மங்களை எடை போட்டுப் பகுத்துப் பார்த்து அணு எடைப் பட்டியல் தயாரித்தவர். இப்படி நாள் முழுக்கச் சேர்மங்களை எழுதிக்கொண்டே இருப்பவருக்கு வட்டம் வரைய எங்கே நேரம்? 1814-ல் லண்டனில் வெளியான ஓர் அறிவியல் இதழில் அவர் சொன்ன காரணம் ரொம்பச் சாதாரணமானது: குறிகள் எழுத்துகளாக இருக்க வேண்டும், ஏனென்றால் எழுத்துதான் எழுதச் சுலபம், அச்சிட்ட புத்தகத்தையும் அலங்கோலமாக்காது. தத்துவம் எதுவும் இல்லை, கை வலியும் அச்சகமும்தான் காரணம். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது இந்த வரியால்தான்.

எந்தப் பெயரின் எழுத்து என்பதற்கு அவர் லத்தீனைப் பிடித்துக்கொண்டார். படித்தவர்களுக்குப் பொதுவாக இருந்த மொழி அது. அவருடைய தாய்மொழியான ஸ்வீடிஷில் ஹைட்ரஜன் வேத்தே, ஆக்சிஜன் சூரே, இரும்பு யெர்ன். தன் மொழிக்காரர்களுக்கே ஒட்டாத குறியீட்டைத் தெரிந்தேதான் வைத்தார் என்பதை நாம் கவனிப்பதில்லை.

விதிகள் மூன்று. அலோகம் என்றால் முதல் எழுத்து மட்டும் போதும், அதே எழுத்தில் ஒரு உலோகம் தொடங்கினாலும் பரவாயில்லை, முன்னுரிமை அலோகத்துக்கு. உலோகம் வேறு எதனுடனாவது முதல் எழுத்தில் மோதினால் முதல் இரண்டு எழுத்து. அந்த இரண்டுமே மோதினால், முதல் எழுத்தோடு இரண்டுக்கும் பொதுவாக இல்லாத முதல் மெய்யெழுத்து. அவரே எஸ் வரிசையை எடுத்து உதாரணம் காட்டுகிறார். சல்ஃபர் அலோகம், அதற்கு எஸ் மட்டும். சிலிக்கனுக்கு எஸ்ஐ. இப்போது ஸ்டிபியம் என்ற ஆன்டிமனியும் ஸ்டான்னும் என்ற வெள்ளீயமும் மிச்சம், இரண்டும் எஸ்டி-யில் தொடங்குகின்றன. ஸ்டிபியத்துக்கு எஸ்டி-யையே கொடுத்துவிட்டு, ஸ்டான்னும் அதோடு மோதாமல் இருக்க எஸ்என் என்று வைத்தார். ஆன்டிமனியின் எஸ்டி பிற்பாடு எஸ்பி ஆகிவிட்டது. சி வரிசையிலும் இதே கூத்துதான்: கார்பனுக்குச் சி மட்டும், கோபால்ட்டுக்குச் சிஓ, குப்ரம் என்ற செம்புக்குச் சியூ. பொட்டாசியத்துக்குப் பி ஏன் கிடைக்கவில்லை என்பதற்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. பாஸ்பரஸ் அலோகம், பி அதற்குப் போய்விட்டது.

இந்த எழுத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஓ என்று எழுதினால் ஆக்சிஜன் என்ற பெயர் மட்டும் இல்லை, ஆக்சிஜனின் ஒரு பங்கு எடை என்றும் பொருள். அதனால்தான் இரண்டு குறியீட்டைச் சேர்த்து எழுதிக் கணக்கும் போட முடிகிறது. வெறும் சுருக்கெழுத்தாக இருந்திருந்தால் முடியாது. குறியீட்டுக்குப் பின்னால் சுருக்கத்துக்கு வைப்பது போல் புள்ளி வைக்கக் கூடாது என்று பாடத்தில் சொல்வதை இதோடு சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் நியாயமாகத் தெரியும். எண்ணை அவர் எழுத்தின் தலையில் போட்டார், கணக்கில் அடுக்கு போடுவது போல. அதைக் காலடிக்கு இறக்கியது ஜெர்மனியில், 1834 வாக்கில், லீபிக் என்ற வேதியியலாளர் தரப்பில்.

டால்டனுக்கு இது அறவே பிடிக்கவில்லை. கடைசி வரை வட்டத்தை விடவில்லை. 1837-ல் எழுதிய கடிதம் ஒன்றில் பெர்சீலியஸின் குறியீடுகள் பயங்கரமானவை என்றும், மாணவன் இதைக் கற்பதும் எபிரேய மொழியைக் கற்பதும் ஒன்றுதான் என்றும் பொரிந்து தள்ளியிருக்கிறார். மனப்பாடம் செய்து அவதிப்பட்ட மாணவன் என்ற முறையில் அவர் பக்கம் எனக்குக் கொஞ்சம் அனுதாபம் உண்டு. ஆனால் தொழிற்சாலையிலும் ஆய்வுக்கூடத்திலும் தினம் பத்துப் பக்கம் எழுதுகிறவர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்பதில் சந்தேகமே இல்லையே.

லத்தீன் பெயர்களில் எனக்குப் பிடித்தது பாதரசத்தினுடையது. சின்ன வயதில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உதறும்போது கை நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. உள்ளே இருந்தது சிதறி, கடுகு கடுகாக ஓடியது. ஒரு காகிதத்தை மடித்து அள்ளப் பார்த்தேன், காகிதம் நனையவே இல்லை. ஒரு துளியைத் தள்ளி இன்னொன்றில் இடித்தால் சட்டென்று ஒன்றாகிவிடும், விரலால் அழுத்தினால் நாலாகப் பிரிந்து ஓடும். வெள்ளியின் பளபளப்பு, தண்ணீரின் ஓட்டம். (விளையாடக் கூடாது, அதன் ஆவி விஷம், அன்றைக்கு வீட்டில் யாருக்கும் அது தெரியாது.) கிரேக்கத்தில் தண்ணீருக்கு ஹைடோர், வெள்ளிக்கு ஆர்கிரோஸ். இரண்டையும் சேர்த்து ஹைட்ரார்கிரம், நீர்வெள்ளி. அதன் எச்சும் ஜியும்தான் எச்ஜி. பெயர் வைத்தவனும் என்றோ தரையில் சிதறிய துளிகளை இப்படித்தான் குனிந்து பார்த்திருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று நம் மொழியோடு அப்படியே பொருந்துகிறது. நாம் காரீயம், வெள்ளீயம் என்கிறோம். ஈயம் ஒன்றுதான், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என்கிற கணக்கு. ரோமானியர்களும் இதையேதான் செய்தார்கள். பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதியதில் காரீயம் ‘பிளம்பம் நிக்ரம்’, கறுப்பு ஈயம். வெள்ளீயம் ‘பிளம்பம் அல்பம்’, வெள்ளை ஈயம். அப்போது ஸ்டான்னும் என்ற சொல் வெள்ளியும் ஈயமும் கலந்த கலவையைக் குறித்தது, வெள்ளீயத்துக்கு அது வந்து ஒட்டிக்கொண்டது பிற்பாடுதான். கறுப்புக்கு மட்டும் பிளம்பம் நிலைத்து, பிபி ஆனது. அவர்கள் தண்ணீர்க் குழாயை ஈயத்தில் செய்ததால் அந்த வேலை செய்கிறவர் பிளம்பர், குழாய் பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. செம்பு சைப்ரஸ் தீவிலிருந்து வந்த உலோகம், அதனால் குப்ரம். நாம் அதன் செந்நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தோம், அவர்கள் அது வந்த ஊரைப் பார்த்து.

டங்ஸ்டன் கதை எல்லாவற்றையும் விடக் கோணலானது. டங்ஸ்டன் என்பது ஸ்வீடிஷ் சொல், கனமான கல் என்று பொருள். டபிள்யூ என்ற குறியீடு வோல்ஃப்ராம் என்ற ஜெர்மன் பெயரிலிருந்து வந்தது. வெள்ளீயத் தாதுவோடு இந்தத் தாதுவும் கலந்து உலைக்குள் போய்விட்டால் வெள்ளீயம் குறைவாகக் கிடைக்கும், ஓநாய் ஆட்டைத் தின்பது போல் வெள்ளீயத்தைத் தின்கிறது என்று சுரங்கக்காரர்கள் ஓநாயைப் பெயரில் சேர்த்துவிட்டார்கள். 1783-ல் ஸ்பெயினில் எல்ஹுயார் சகோதரர்கள் அந்த ஓநாய்த் தாதுவிலிருந்துதான் உலோகத்தைப் பிரித்தெடுத்தார்கள். இப்போது ஆங்கிலத்தில் அது டங்ஸ்டன், ஸ்வீடனில் வோல்ஃப்ராம். தங்கள் சொல்லை ஊருக்குக் கொடுத்துவிட்டு, தாங்கள் வேறு சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர்களை முடிவு செய்யும் ஐயூபிஏசி அமைப்பு 2005-ல் தன் விதிப் புத்தகத்திலிருந்து வோல்ஃப்ராம் என்ற மாற்றுப் பெயரை எடுத்தபோது ஸ்பெயின்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். எங்கள் ஆட்கள் கண்டுபிடித்தது, எங்கள் பெயர் போகக் கூடாது என்று. பெயர் போனது. டபிள்யூ அசையவில்லை.

குறியீடுகள் ஒருமுறை வைத்தால் மாறாதவை என்று நினைக்க வேண்டாம். ஆர்கான் 1957 வரை வெறும் ஏ. அதே வருஷம்தான் ஐன்ஸ்டீனியத்தின் ஈ, ஈஎஸ் ஆனது, மெண்டலீவியத்தின் எம்வி, எம்டி ஆனது. நயோபியத்துக்கு அமெரிக்காவில் கொலம்பியம், சிபி என்று ஒரு பெயரும் குறியும் ஓடிக்கொண்டிருந்தன, 1949-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடி நயோபியத்தை முடிவு செய்தார்கள். அமெரிக்க உலோகத் தொழிலில் பழைய பெயர் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஒரு குறியீடு ஒருமுறை பயன்பட்டுவிட்டால் அதன் நிழல் விடாது. 1908-ல் ஜப்பானில் ஒகாவா என்ற வேதியியலாளர் 43-ஆம் தனிமத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்து, நிப்போனியம், என்பி என்று பெயரும் குறியும் வைத்தார். அவர் கையில் இருந்தது உண்மையில் 75-ஆம் தனிமமான ரீனியம் என்று பிற்பாடு செய்த ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது அவர் கண்டது புதுத் தனிமம்தான், கட்டம்தான் தப்பு. பெயர் போயிற்று, என்பி நெப்டியூனியத்துக்குப் போயிற்று. ஜப்பானுக்கு 113-ஆம் தனிமத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை வந்தபோது, 2016-ல் அவர்கள் நிஹோனியம், என்எச் என்றார்கள். 112-ஆம் தனிமம் கோப்பர்நீசியத்துக்கும் இதே நிலைமை. கண்டுபிடித்த ஜெர்மன் குழு முதலில் கேட்டது சிபி, அதாவது சியோடு ஆங்கிலத்தின் பதினாறாவது எழுத்து. லுட்டீஷியத்தை ஜெர்மனியில் காசியோப்பியம் என்று அழைத்த காலத்தில் அந்தக் குறி அதற்கு இருந்ததால் முடியாது என்றாகி, 2010-ல் சிஎன் கிடைத்தது. (கொலம்பியத்தின் சிபி வேறு, அதில் இரண்டாவது எழுத்து ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து. தமிழில் இதை எழுதுவது எவ்வளவு தொல்லை, பாருங்கள்.)

விதிப்படி எல்லாம் நடந்ததா என்றால், புளூட்டோனியத்தைச் சொல்ல வேண்டும். நியாயமாக அதற்குப் பிஎல் வந்திருக்க வேண்டும். கண்டுபிடித்த குழுவின் கிளென் சீபோர்க் பியூ என்று வைத்தார். ஆங்கிலம் பேசும் குழந்தைகள் நாற்றம் அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு “பீ-யூ” என்று கத்துவார்கள், அந்த வேடிக்கைக்காக வைத்தது. யாராவது ஆட்சேபிப்பார்கள் என்று எதிர்பார்த்தாராம். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை, அப்படியே அட்டவணையில் ஏறிவிட்டது.

கடைசியாக ஒன்று. இரண்டு எழுத்துக் குறியீட்டில் முதல் எழுத்து பெரியது, இரண்டாவது சின்னது என்று அடித்து அடித்துச் சொல்லிக் கொடுப்பார்களே, அது கையெழுத்து ஒழுங்குக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சியும் ஓவும் இரண்டும் பெரிதாக இருந்தால் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த விஷ வாயு. ஓ சின்னதாகிவிட்டால் கோபால்ட் என்ற உலோகம். பெரிய எழுத்து வரும் இடத்தில்தான் புதுத் தனிமம் தொடங்குகிறது, நீண்ட வாய்பாட்டையும் இடைவெளி விடாமல் எழுத முடிவது அதனால்தான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழில் இப்படி ஒரு முறையைச் செய்ய வேண்டுமானால் வேறு ஏதாவது உத்தி யோசிக்க வேண்டும். ஒற்றெழுத்தின் புள்ளியை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று ஒரு மத்தியானம் முழுக்க நோட்டில் கிறுக்கிப் பார்த்தேன். காலியத்தில் வந்து மாட்டிக்கொண்டேன்.

இதையெல்லாம் அன்று ராத்திரி அவளிடம் சொல்லவில்லை. தேர்வுக்கு முந்தின ராத்திரி எகிப்து, ஓநாய் என்று ஆரம்பித்தால் அக்கா என்னைத் தொலைத்துவிடுவாள். நாட்ரியம், காலியம் என்ற இரண்டு பெயரையும் சொல்லி, “பேரை முழுசாச் சொல்லிப் பாரு, எழுத்து தானா வரும்” என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் மெசேஜ் வந்தது. தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “மாமா, அட்டவணை முழுக்கத் தேடிட்டேன், ஜே-ல ஒரு தனிமம்கூட இல்லையே?”

இருந்தது கண்ணு. ஜெர்மனியில் அயோடினுக்கு யோட் என்று பெயர், அதை ஜே போட்டுத்தான் எழுதுவார்கள், குறியீடும் ஜே-யாகவே ரொம்ப நாள் இருந்தது. அப்புறம் எல்லோரும் ஐ-க்கு மாறிவிட்டார்கள். பழைய ஜெர்மன் அட்டவணை ஒன்றின் படத்தைத் தேடி அனுப்பினேன். “அப்போ க்யூ?” என்று உடனே கேட்டிருக்கிறாள், அதற்கு இன்னும் பதில் போடவில்லை.